தொங்கிய ஒயரின் மறுமுனை

போன வாரம் நம் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு கேள்வி போட்டிருந்தீர்கள். நெட்வொர்க் சர்டிபிகேட் பரீட்சைக்கு வகுப்பில் போய் உட்காரவா, ஆன்லைனில் படிக்கவா, அண்ணாச்சி ரெண்டையும் பார்த்தவர், ஒரு வரியில் சொல்லட்டும் என்று. நான் உடனே பதில் தட்ட ஆரம்பித்தேன். 'வகுப்பு' என்று அடித்தேன். அழித்தேன். 'ஆன்லைன்' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். நான் தட்டிக்கொண்டே இருப்பது உங்கள் பக்கம் தெரிந்திருக்கிறது. கால் மணி நேரம் கழித்து ஒருவர், "அண்ணாச்சி புஸ்தகம் எழுதுதாவ போல" என்று போட்டீர்கள்.

அது பலித்துவிட்டது. ஒரு வரியில் சொல்ல எனக்கு வரவில்லை. வேலையை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. இன்னும் எனக்கு இது தெளியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு ஏதாவது தெளிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்கு சார் கரும்பலகையிலிருந்து திரும்பும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடப் போகிறார் என்று முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். ஒரு நாள் அந்தப் பயம் தாங்காமல் போகாமல் இருந்துவிட்டேன். மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான். முதலில் கேபிள் டிவிக்குச் சுவர் ஏறினேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதே சுவர், அதே ஏணி, ஒயர் மட்டும் வேறு. நம் கம்பெனியில் சேர்ந்து, பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரைக்கும் ஆற்றோரம் உள்ள எத்தனையோ கட்டடங்களில் ஒயர் இழுத்திருக்கிறேன். எந்தச் சுவருக்குள் எது போகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஏன் போகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது.

பயந்த சுபாவம் எனக்குத் தொழிலில் உதவியாகத்தான் இருந்தது. எதையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். பையில் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும். ஒயர் எங்காவது தொங்கினால் யாராவது கால் இடறி விழுந்துவிடுவார்களே என்று மனசு அடித்துக்கொள்ளும். கட்டி வைக்காமல் நகர மாட்டேன். 'அண்ணாச்சி வேலை சுத்தம்' என்று எனக்குப் பெயர் இருந்ததற்கு இதுதான் காரணம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்து நாலு வயதில் எனக்கு வந்தது சோதனை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பராமரிப்பு வேலை நமக்குக் கிடைத்தது. அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஆறு மாதம் கழித்து, சர்டிபிகேட் உள்ளவர்கள் மட்டும்தான் நெட்வொர்க் பெட்டிகள் இருக்கும் இடத்தில் கை வைக்கலாம். அவர்களைப் பார்த்து மற்ற இடங்களும் கேட்க ஆரம்பிக்கும் என்று முதலாளிக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, பரீட்சை எழுதிருங்க. இல்லேன்னா ஒங்கள ஸ்டோர்லதான் உக்கார வைக்க முடியும்" என்றார். ஸ்டோர் என்றால் கிளிப், ஸ்குரூ, ஒயர்ச் சுருள் எடுத்துக் கொடுக்கிற அறை. ஜன்னல் கிடையாது. முதலாளி தன்மையாகத்தான் சொன்னார்.

அதே நேரம் இன்னொருவரும் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தார். இப்போது உங்களுக்கெல்லாம் சீனியராக இருக்கும் ரஹ்மத். அப்போது அவர் ஆபீசில் புகார் போன் எடுத்துக்கொண்டிருந்தார். பத்தமடையிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். வீட்டுக்காரர் சவுதியில். இரண்டு வயதுக் குழந்தை. சாயங்கால வகுப்புக்குத் தங்கினால் வீட்டில் ஒத்துவராது என்று ஆன்லைனில் சேர்ந்தார். வாரத்தில் ஒரு பகல் அந்த வகுப்புக்காக வீட்டிலேயே இருக்க முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். நான் நேர் வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு ஆள் முகம் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் பாதி புரிந்த மாதிரி இருக்கும்.

வகுப்பு பாளையங்கோட்டையில், ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில். பன்னிரண்டு பேர். என்னைத் தவிர எல்லோரும் என் மகளைவிடச் சின்னவர்கள். பாடம் எடுத்த சாருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அப்பா, அம்மா இரண்டு பேரும் பழைய மிஷன் பள்ளிக்கூட டீச்சர்கள், அதனால் சொல்லிக்கொடுக்கிற அந்தக் கை இவருக்கும் வந்திருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார்.

"வெளங்குச்சா?"

"வெளங்குச்சு சார்."

பன்னிரண்டு குரல், ஒரே ராகம். கீழே தையல் மெஷின்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்கும். சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டி, கண்ணெல்லாம் ஆசையாக அந்த வாத்தியார்ப் பிள்ளை நிற்கும்போது, விளங்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அது மரியாதைக்குச் சொல்வது. ஒன்பதாம் வகுப்பில் சொன்ன அதே ராகத்தில், இத்தனை வருஷம் கழித்தும் வாய் தானாகச் சொன்னது. மற்ற பதினொரு பேருக்கும் விளங்கிவிட்டது, நான் ஒருவன்தான் மக்கு என்று நினைத்துக்கொண்டே சொல்வேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரஹ்மத்தும் நானும் அவரவர் பாடத்தைப் பேசிக்கொள்வோம்.

"ஒங்க பாடம் எப்படிம்மா?"

"எங்க சாரு எந்த ஊர்ல இருந்து பேசுதாவளோ, ஒரே இங்கிலீஷு, ஒரே ஓட்டம். நான் அதப் பதிஞ்சத எடுத்து பாதி வேகத்துல வச்சுக் கேக்கேன். அப்படிக் கேட்டா குடிச்சிட்டுப் பேசுத மாதிரி இருக்கு அண்ணாச்சி."

"புரியலன்னா?"

"திருப்பிப் போடுவேன்."

"அப்பவும் புரியலன்னா?"

"திருப்பிப் போடுவேன்."

"அப்பவும்?"

"கொஞ்சம் அழுவேன். அப்புறம் திருப்பிப் போடுவேன்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. பாளையங்கோட்டை சாரைப் பாதி வேகத்தில் வைக்க முடியாது. "சந்தேகம் கேக்கலாம்லா?" என்றேன்.

"ஓரத்துல கட்டம் இருக்கு, அதுல எழுதலாம். ஆனா எரநூறு முந்நூறு பேரு கட்டை விரலத் தூக்கிப் போட்டுருக்கும்போது நான் மட்டும் என்னத்த எழுத. நானும் ஒரு விரலத் தூக்கிப் போட்டுருவேன்."

"அத்தன பேருக்குமா வெளங்கிட்டு?"

"எனக்கு வெளங்கல, நானும் விரலத் தூக்குதேம்லா. மிச்சப் பேரு மட்டும் என்னவாம்?"

அப்போது சிரித்தோம். அவர் கம்ப்யூட்டர் திரையில் பொம்மைப் பெட்டிகளை வைத்து, பொம்மை ஒயர் போட்டு, பெரிய பெரிய நெட்வொர்க் கட்டிக் காட்டுவார். எனக்குத் தலை சுற்றும். ஆனால் ஒரு நிஜ ஒயரைக் கையில் கொடுத்தால், தலைப்பகுதியில் இருக்கும் சின்ன நாக்கை அழுத்தினால்தான் கழலும் என்று அவருக்குத் தெரியாது. இழுத்து இழுத்துப் பார்ப்பார். "இது எங்க பாடத்துல தானா கழண்டுரும்" என்பார்.

இப்படியே மூன்று மாதம் போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த நாள்.

ஆஸ்பத்திரி போட்ட ஆறு மாதக் கெடுவில் பாதி இன்னும் இருந்ததால் நான் அங்கே போய்வந்துகொண்டுதான் இருந்தேன். அன்று மேல் மாடியில் ஒரு சின்ன வேலை. முடித்துவிட்டு மத்தியானம் கிளம்பும்போது மருந்துக் கவுண்டர் வழியாக வந்தேன். அங்கே மேஜைக்குக் கீழே ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி உண்டு. அந்தக் கவுண்டரில் உள்ள கம்ப்யூட்டர் ஒயர்களெல்லாம் அதில்தான் சேரும். ஒரு கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க எடுத்துப் போயிருந்தார்கள். அதன் சாம்பல் நிற ஒயர் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மருந்து கொடுக்கும் பெண் நாற்காலியைத் தள்ளும் இடத்தில் கிடந்தது. தரை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. குனிந்தேன். பெட்டியில் ஒரு துளை காலியாக இருந்தது. அதில் அந்தத் தலையைச் செருகினேன். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. யாரும் இடறி விழ மாட்டார்கள் என்ற நிம்மதியோடு பஸ் ஏறினேன்.

சேரன்மகாதேவி தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி மேலாளர். "எல்லாம் நின்னு போச்சுங்க. பில் வரல, லேப் ரிப்போர்ட் வார்டுக்குப் போகல. டிஸ்சார்ஜ் ஆனவங்க மூட்டை முடிச்சோட உக்காந்திருக்காங்க." எல்லா ஒயரும் வந்து சேரும் பெரிய பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார்கள். ஒரு நிமிஷம் வந்து மறுபடியும் போயிற்று.

முதலாளியைக் கூப்பிட்டால், சர்டிபிகேட் உள்ள இரண்டு பேரும் தூத்துக்குடியில் இருந்தார்கள். "ரஹ்மத்து இன்னைக்கு வீட்லதான் இருக்கு, பத்தமடையில. அதப் பஸ் ஏறச் சொல்லுதேன். நீங்க அங்கனயே எறங்கி நில்லுங்க" என்றார். சேரன்மகாதேவியில் இறங்கி எதிர்ப்பக்கம் நின்றேன். அரை மணி நேரத்தில் வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் ரஹ்மத், மடியில் லேப்டாப். அவரைப் பார்த்ததும் தைரியம் வந்ததா, பயம் கூடியதா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. திரையில் மட்டும் படித்த ஒருவர், சுவரில் மட்டும் படித்த ஒருவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஆஸ்பத்திரியைத் தூக்கி நிறுத்தப் போகிறோம்.

பெட்டிகள் இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் ரஹ்மத் ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். "அண்ணாச்சி, இதுல எது முன்பக்கம்?" என்று என் காதருகே கேட்டார். மேலாளர் கதவில் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடாத மனிதர். அதுதான் எனக்கு அதிகப் பயம்.

நான் முன்பக்கத்தைக் காட்டினேன். பெட்டியில் உள்ள எல்லா விளக்கும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தன. நான் அதைப் பார்த்து, கரண்டு கோளாறு என்று நினைத்தேன். ரஹ்மத் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "இது லூப்பு மாதிரி இருக்கு. நான் இந்தப் பாடத்த நாலு தடவ கேட்டேன். எங்கனயோ ஒரு ஒயர் சுத்தி வந்து தன் எடத்துலயே சேருது. போன சேதியே திரும்பத் திரும்பப் போயிட்டுக் கெடக்கு, அதான் மத்த எதுக்கும் வழியில்ல. பெரிய பெட்டிக்கு இதத் தடுக்கத் தெரியும். சின்னப் பெட்டி எதுலயாவது நடந்தா அதுக்குத் தெரியாது. வெளங்குதா?"

"வெளங்குது" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் பாளையங்கோட்டையில் இதே பாடம் நடந்தது. அங்கேயும் ராகத்தோடு சொல்லியிருந்தேன். இப்போதும் ஒன்றும் விளங்காமல், விளங்கியவனைப் போல ஏணியைப் போட்டு, வெளியிலிருந்து வரும் பெரிய ஒயரைச் சோதித்தேன். மேல் மாடி போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இடங்களை எல்லாம், எனக்குத் தெரியும் என்பதற்காகவே தேடினேன். இருபது நிமிஷம் வீண். நான் ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் மருந்துக் கவுண்டர் முன்னால் வரிசை கூடியிருந்தது. ஒரு பெரியவர் ஊசி போட்ட கையைப் பஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "முடிஞ்சிட்டா தம்பி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

கடைசியில் ரஹ்மத் என்னை மறித்தார். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். "அண்ணாச்சி, நான் என்ன சொன்னேன்னு ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க."

கணக்கு சார் கரும்பலகையிலிருந்து திரும்பிவிட்டார். "வெளங்கலம்மா" என்றேன். மேலாளர் காதில் விழுந்ததா என்று தெரியாது. விழுந்திருக்கும்.

ரஹ்மத் சிரிக்கவில்லை. என் பையிலிருந்து மஞ்சள் ஒயர் ஒன்றை எடுத்தார். இரண்டு தலைகளையும் சேர்த்து என் கண் முன்னால் பிடித்தார். "இந்த நுனியும் இங்கன. இந்த நுனியும் இங்கனயே. அவ்வளவுதான் லூப்பு."

அந்த மஞ்சள் வளையத்தைப் பார்த்தேன். அது சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

தொங்கிய அந்த ஒயரின் மறுமுனை எங்கே போகிறது என்று நான் பார்க்கவே இல்லை. எடுத்துப்போன கம்ப்யூட்டரின் ஒயர். அதன் மறுமுனை அதே சின்னப் பெட்டியில்தான் இருந்திருக்கும். வேறு எங்கே இருக்கும்? நான் இந்த நுனியையும் அதிலேயே செருகி, அழகாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாமல் மருந்துக் கவுண்டருக்குப் போனேன். மேஜைக்குக் கீழே குனிந்தேன். நான் போட்ட கட்டை நானே வெட்டி, ஒயரை உருவினேன். கொஞ்ச நேரத்தில் மேலே பில் மெஷின் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. வரிசையில் நின்றவர்கள் முகத்தில் உயிர் வந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மேலாளர் வந்தார். "என்ன ஆச்சு?"

"ஒரு ஒயர்ல கோளாறு சார். சரியாயிட்டு."

பொய் இல்லைதானே? அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் விடவில்லை. "காலைல சரியா இருந்துச்சே. யாராவது கை வச்சாங்களா?" என்று சுற்றிப் பார்த்தார். பார்வை துடைப்பத்தோடு நின்ற மூக்கம்மாளிடம் போய் நின்றது. அவர்தான் அந்தத் தரையைத் துடைத்தவர். "நீ ஏதாவது பிடிச்சு இழுத்தியா? மேஜைக்கு அடியிலல்லாம் போவாதேன்னு முன்னாலயே சொல்லியிருக்கேன்."

"ஒயரத் தொட்டா சம்பளமா ஏறப்போவுது? நான் எதுக்கு அதத் தொடுதேன்" என்றார் மூக்கம்மாள். பேச்சு தைரியமாக இருந்தது. ஆனால் கை துடைப்பத்தைத் திருகிக்கொண்டிருந்தது.

"துப்புரவு ஒப்பந்தக்காரர்ட்ட சொல்லி நாளைக்கு வேற ஆள அனுப்பச் சொல்லுதேன்" என்றார் மேலாளர், சத்தம் போடாமல்.

பிள்ளைகளே, இங்கே நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாலு மூச்சு இருக்கலாம். பத்தும் இருக்கலாம். அத்தனை நேரமும் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஜன்னல் இல்லாத அந்த ஸ்டோர் அறைதான். உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து நான் அங்கேதான். சொல்லாவிட்டால் மூக்கம்மாளுக்கு இந்த வேலை இல்லை. ரஹ்மத் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த, நான் வெட்டிப்போட்ட கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கட்டு எப்படி இருக்கும் என்று நம் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

"அந்தம்மா தொடல சார். நான்தான் செருகினேன். தொங்குதேன்னு செருகிட்டேன்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "ஒங்ககிட்ட சர்டிபிகேட் இருக்கா?"

"படிச்சிட்டு இருக்கேன் சார்."

"அது வந்த பெறவு வாங்க" என்றார். ஆறு மாதக் கெடு அந்த இடத்திலேயே முடிந்துபோயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீரவநல்லூர் தாண்டி ரஹ்மத் சொன்னார், "நீங்க சொல்லாம இருந்தா நான் சொல்லிருப்பேனான்னு யோசிச்சுட்டு வாரேன்."

"சொல்லிருப்பியா?"

"தெரியல. நான் மட்டும் கூட வராம இருந்திருந்தா நீங்க சொல்லிருப்பியளா?"

நான் ஜன்னலுக்கு வெளியே நாற்றங்காலைப் பார்த்தேன். 'சொல்லியிருப்பேன்' என்று இப்போது எழுதினால் அது பழைய ராகத்தில் சொல்வதாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஸ்டோரில் இருந்தேன். நினைத்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் நல்லதும் இல்லை. ரஹ்மத் அவர் பாடத்தைத் தன் லேப்டாப்பில் எனக்குப் போட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் பாளையங்கோட்டை. பகலில் திரை, மாலையில் முகம். முதல் நாள் அந்தப் பாதி வேகக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பாடம் ஓர் இடத்தில் நின்றது. நான் திரையைப் பார்த்து, "வெளங்குச்சு சார்" என்று சொன்னேன். ஸ்டோரில் யாரும் இல்லை. பெட்டிக்குள் இருக்கிற ஆளுக்கு என் குரல் கேட்கவும் கேட்காது. அப்படியும் அந்த ஆள் மனசு நோகக் கூடாது என்று நினைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வகுப்பில் சார் வழக்கம்போல, "வெளங்குச்சா?" என்றார். பதினொரு குரல் ராகம் போட்டு அடங்கியதும் நான் கையைத் தூக்கினேன்.

"எனக்கு வெளங்கல சார்."

"எந்த எடம் அண்ணாச்சி?"

"எந்த எடம்னு வெளங்கல."

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். பிறகு பலகை முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்வரிசையில் ஒருவன், "போச்சு, ஏழே முக்கால் வண்டி போச்சு. நல்லா இருப்பீய வே" என்று முனகினான். இரண்டாவது தடவையும் எனக்கு விளங்கவில்லை. நான் சொல்வதற்கு முன்னால் அந்தப் பின்வரிசைக்காரனே, "சார், அந்தக் கடைசி வரி எனக்கும் வெளங்கல" என்றான். மூன்றாவது தடவை பாதி விளங்கியது. மிச்சப் பாதி விளங்கவே இல்லை. மனப்பாடம் செய்துகொண்டேன்.

பரீட்சையில் ரஹ்மத் முதல் தடவையே தேறிவிட்டார். நான் தேறவில்லை. லூப் பற்றி ஒரு கேள்வி இருந்தது, முதலில் என்ன செய்வாய் என்று. நாலு விடை கொடுத்திருந்தார்கள். 'இன்றைக்கு யார் எதைச் செருகினார்கள் என்று போய்க் கேள்' என்பது அதில் இல்லை. குழம்பிப் போய்த் தப்பானதைத் தொட்டேன். இரண்டாவது தடவை எழுதியபோது தேறினேன். கம்மி மார்க்தான். எந்த விடை எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க ரொம்ப நாள் முயன்றேன். சிலது பாளையங்கோட்டை சாரின் குரலில் வந்தது. சிலது குடிகாரக் குரலில் வந்தது. ஒன்று மட்டும் குரலே இல்லாமல், மஞ்சள் ஒயராக வந்தது. இதில் எதை நான் உங்களுக்கு ஒரு வரியில் சொல்வது?

சர்டிபிகேட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரஹ்மத்தோடு அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் போன நாளோடு முடித்துக்கொள்கிறேன். வாசலிலேயே மூக்கம்மாள் நின்றார்.

"வந்துட்டியளா அண்ணாச்சி? இன்னைக்கு என்னத்தச் செருகப் போறிய?"

"ஒண்ணும் செருகலம்மா. பாக்க மட்டும்தான்."

மேலாளர் சர்டிபிகேட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார், சாவியைக் கொடுத்தார். ரஹ்மத் பெட்டி அறைக்குப் போனார். நான் மேல் மாடிக்குப் போனேன். வார்டின் கோடியில், சுவரோரம், ஒரு வெள்ளை ஒயர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. பக்கத்திலேயே சுவரில் ஒரு துளை காலியாக இருந்தது. இந்தக் கட்டடத்தில் எல்லா ஒயரும் நான் இழுத்ததில்லை. இது யாருடையதோ.

என் கை தானாகப் போயிற்று. நுனியை எடுத்தும்விட்டேன். துளைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்போது நின்றேன். மற்றக் கையால் போனை எடுத்து ரஹ்மத்தைக் கூப்பிட்டேன்.

"ஒரு வெள்ள ஒயர் தொங்குதும்மா. எங்கன போவுதுன்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல அண்ணாச்சி. இங்கன வெள்ளையா ஏழு கெடக்கு. நீங்க அந்த நுனிய விட்டுராதிய. பைய மெதுவா இழுங்க, எது அசையுதுன்னு பாக்கேன்."

இழுத்தேன்.

"இல்ல. எதுவும் அசையல. இன்னும் கொஞ்சம்."

ஒரு நர்சம்மா என்னைத் தாண்டிப் போகும்போது, ஒயரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கும் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் மறுபடியும் மெல்ல இழுத்தேன். மூன்று சுவருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ அது எதையோ தொட்டது. கைக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி," என்றது போன், "ஒண்ணு அசையுது. அப்படியே பிடிங்க. வாரேன்."